மேலிருந்து அளப்பவர்களுக்குக் கீழிருந்து சில கேள்விகள்

நிலம் யாருக்கு என்பதை நிலத்தை அளப்பவன்தான் எப்போதும் தீர்மானித்திருக்கிறான். சர்வேக்காரனின் சங்கிலி எந்தத் தெருமுனையில் நின்று திரும்பியதோ அந்தத் தெருமுனை ஊருக்கும் சேரிக்கும் எல்லையானது. ‘சேரி நத்தம்’ என்று தனியாகக் குறித்து வைத்த பதிவேடுகளைத் தாலுகா அலுவலகங்களில் நம்மில் பலர் தூசி தட்டிப் பார்த்திருக்கிறோம். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயின் ஆரம்பக்கோடு 1802இல் நம்ம பரங்கிமலைப் பக்கம்தான் போடப்பட்டது. லாம்ப்டன் துரையின் பெயர் எல்லாருக்கும் தெரியும். வெயிலில் சங்கிலியை இழுத்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா?

இப்போது சங்கிலி வானத்துக்குப் போய்விட்டது. 2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ராய்சேனில் ‘நக்‌ஷா’ என்ற நகர்ப்புற நில அளவைத் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கிவைத்தது. முதல்கட்டமாக 26 மாநிலங்களிலும் 3 யூனியன் பிரதேசங்களிலுமாக 152 நகர உள்ளாட்சிகள். செலவு சுமார் 194 கோடி ரூபாய். நேர்கீழாகப் படமெடுக்கும் கேமரா, சாய்வாகப் படமெடுக்கும் கேமரா, இவற்றோடு லேசர் கதிரால் உயரத்தை அளக்கும் லிடார் என்று மூன்று வகைக் கருவிகள் வானத்தில் பறக்கும் என்கிறது திட்டம். 2022 டிசம்பரில் வந்த தேசியப் புவிசார் கொள்கையோ 2030க்குள் நகரம் கிராமம் எல்லாவற்றையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் அளந்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஒரு உள்ளங்கை அளவு, தோழர்களே. நம் வீட்டு வாசல்படியின் அகலம்கூட அதில் விழும். இவ்வளவு பெரிய சங்கதி நடக்கிறது, நம்ம கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘அதெல்லாம் என்ஜினியர் சமாச்சாரம்’ என்று விட்டுவிடுகிறோம். பட்டா, சிட்டா, அடங்கலையும் ஒருகாலத்தில் ‘கர்ணம் சமாச்சாரம்’ என்றுதான் விட்டோம்.

அதனால் கொஞ்சம் பொறுமையாக இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒன்றும் மாயமில்லை.

விமானத்தின் அடிவயிற்றில் லேசர் கருவி. அது நொடிக்கு லட்சக்கணக்கில் ஒளித்துடிப்புகளைக் கீழே வீசுகிறது. ஒவ்வொரு துடிப்பும் கூரையிலோ மரத்திலோ ரோட்டிலோ பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தில் பாதியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து போய்வர ஆகும் நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் ஏழு துண்டுகூட வராது. ஒரு நானோ நொடி பிசகினால் உயரத்தில் 15 சென்டிமீட்டர் பிசகும். விமானம் எங்கே நிற்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லும், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை இன்னொரு கருவி சொல்லும். எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று எண்கள்: கிழக்கு மேற்கு ஒன்று, வடக்கு தெற்கு ஒன்று, உயரம் ஒன்று. இப்படிக் கோடிக்கணக்கில் சேரும் புள்ளிகளுக்குப் ‘புள்ளிமேகம்’ என்று பெயர். (கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) மரத்தின் மேல் படும் துடிப்பில் ஒரு பங்கு உச்சி இலையில் பட்டுத் திரும்பும், மிச்சம் இலை இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும். எது மரம், எது கட்டடம், எது தரை என்று இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள்.

சில வருஷம் கழித்து அதே நகரத்தின் மேல் மறுபடி பறக்கிறார்கள். புதிய உயரத்திலிருந்து பழைய உயரத்தைக் கழிக்கிறார்கள். மிஞ்சுவதுதான் ‘மாற்றம்’. மூன்று மீட்டர் கூடியிருந்தால் ஒரு மாடி எழும்பியிருக்கிறது. மூன்று மீட்டர் குறைந்திருந்தால் ஒரு வீடு இல்லாமல் போயிருக்கிறது. ஜப்பானில் முரகாமியும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இந்த எளிய கழித்தலைத்தான் செய்து காட்டியது. கட்டட வரைபடத்தைப் புதுப்பிக்க ஊரெல்லாம் ஆளை அலையவிட வேண்டாம், எங்கே மாறியிருக்கிறதோ அங்கே மட்டும் போய்ப் பார்க்கலாம் என்பது அதன் பயன். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு அந்த இடிபாட்டின் மேல் லேசர் விமானம் பறந்தது. 2010 ஜனவரியில் ஹைதியின் போர்ட்-ஓ-பிரின்ஸ் நிலநடுக்கத்தில் நொறுங்கியபோதும் பறந்தது. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு வாயில்லை. செத்தவர்களைத் தேடவும் விழப்போகும் சுவரைக் கண்டுபிடிக்கவும் உதவுகிற கருவியை எதிர்ப்பது அறிவும் ஆகாது, அரசியலும் ஆகாது.

என் கேள்வி அந்தக் கழித்தலில் இருக்கிறது. வங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவனுக்கு பிளஸ்ஸும் மைனஸும் தினப்படி சோறு. கணக்கில் மைனஸ் விழுந்தால் மேனேஜர் கூப்பிடுவார், ஆடிட்டர் கேட்பார், பதில் எழுதாமல் வீட்டுக்குப் போக முடியாது. இந்த உயரக்கணக்கில் மட்டும் எல்லாம் தலைகீழ். பிளஸ் விழுந்தால்தான் நோட்டீஸ் வருகிறது: அனுமதியில்லாத மாடி, ஆக்கிரமிப்பு, வரி பாக்கி. மைனஸ் விழுந்தால் ஒரு கேள்வியும் இல்லை. ஒரு ஆற்றங்கரையில் இருநூறு வீடுகளின் உயரம் ஒரே வாரத்தில் சுழியமாகிப் போனால் அதைக் கருவி துல்லியமாகக் காட்டும், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்கிற மேசை எந்த அலுவலகத்தில் இருக்கிறது? இடித்தது மாற்றம் இல்லையா? நம் சனங்கள் விஷயத்தில் அதற்கு ‘நகர அழகு’ என்றும் ‘கரை மீட்பு’ என்றும் வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்கிற ஒன்றை அதிகாரிகள் ஒத்துக்கொள்வதில்லை. ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்து லேசர் அளவீடுகளை வைத்து, அந்த நாட்டு ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுதன் சூ, வோசல்மன் ஆகியோர் 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் கட்டடங்களை இரண்டாகப் பிரிக்கவில்லை, மூன்றாகப் பிரித்தார்கள்: மாறியது, மாறாதது, தெரியாதது. பக்கத்து உயரக் கட்டடம் மறைத்துக்கொண்டாலோ, நீர் கதிரை விழுங்கிக்கொண்டாலோ அந்த இடத்தில் புள்ளி விழாது. புள்ளி இல்லாத இடத்தைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று அவர்கள் விதி வைத்துக்கொண்டார்கள். மாறியவற்றைக் கூரை, சுவர், கூரைச் சாளரம், கூரைக்கு மேல் கட்டியது, நின்றிருந்த கார், இன்னதென்று விளங்காதது என்றுகூடப் பிரித்தார்கள். இவ்வளவு பாடுபட்ட பிறகு அவர்கள் சொன்ன கணக்கு என்ன? உண்மையான மாற்றங்களில் 80 முதல் 90 சதவீதம் கண்டுபிடிக்க முடிந்தது, அவற்றிலும் ஏறக்குறைய பாதிதான் பொருட்படுத்தத் தக்கவை.

தெருக்கள் அகலமான, வீட்டுக்கு வீடு பதிவு இருக்கிற, பணக்கார ஐரோப்பிய நகரத்தில் வந்த முடிவு இது. இதே கணக்கை நம்ம ஊர் நகராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் காணாமல்போவது ‘தெரியாதது’ என்கிற கட்டம்தான். நம்முடைய படிவங்களில் ‘ஆம்’ இருக்கும், ‘இல்லை’ இருக்கும். ‘தெரியாது’ இருக்காது. தெரியாத இடத்தில் எல்லாம் ‘இல்லை’ என்று டிக் அடிப்பதுதான் வழக்கம். யாருடைய வீடுகள் அந்தத் தெரியாத கட்டத்தில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். சந்து குறுகலானது, மேலிருந்து சாய்வாக வரும் கதிர் தரையைத் தொடாது. தரைப் புள்ளி இல்லையென்றால் கூரை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், நாலு குடும்பத்துக்கு ஒரே கூரை போலத் தெரியும். கறுத்த தார்ப்பாயிலிருந்து கதிர் பலவீனமாகத்தான் திரும்பும். மழைக்காகப் போட்ட பாலித்தீன் சீட்டு கோடையில் இருக்காது, அதுவும் ‘மாற்றம்’ என்று விழும். லேசர் கூரையைப் பார்க்கும். கூரைக்குக் கீழே எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அதற்குத் தெரியாது.

எங்கள் கிளைக்கு ஒரு அக்கா வந்திருந்தார். தூய்மைப் பணியாளர். மகனுக்குக் கல்யாணம், மேலே ஒரு ரூம் எடுக்கக் கடன் வேண்டும். வீட்டு வரி ரசீது இருக்கிறது, கரண்டு பில் இருக்கிறது, முப்பது வருஷக் குடியிருப்பு. பத்திரம் இல்லை. மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கையில் மேலிருந்து எடுத்த படம் ஒன்று ஒட்டியிருந்தது, அந்தக்கால சிமெண்ட் ஓடு உட்பட அவருடைய கூரை அதில் அழகாகத் தெரிந்தது. ‘உரிமை ஆவணம் இல்லை’ என்று கீழே எழுதியிருந்தது. நான் படத்தைக் காட்டினேன், காட்டியிருக்க வேண்டியதில்லை, ஆர்வக்கோளாறு. அந்த அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேல இருந்து பாத்தா என் வூடு தெரியுதுல்ல சார், அப்பறம் எப்புடி இல்லன்னு சொல்றீங்க?” எங்கள் வங்கியின் கையேடுகள் எதிலும் இதற்குப் பதில் இல்லை. வரி போடும்போது தெரிகிற வீடு, இடிக்கும்போது தெரிகிற வீடு, கடன் கேட்டால் மட்டும் தெரியாத வீடாகிவிடுகிறது. இதில் கண்ணின் கோளாறு எங்கே இருக்கிறது? 5 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் பார்த்தாலும் இது சரியாகாது.

மும்பை தாராவிக்குப் போவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போன நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம், அதனால் இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. சுமார் 600 ஏக்கர். அதை மறுகட்டமைக்கும் பொறுப்பை 5,069 கோடி ஏலத்தில் அதானி குழுமம் 2022இல் எடுத்தது. 2024 மார்ச்சில் வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியது. மேலே ட்ரோன் படமெடுக்கும், ட்ரோன் பார்க்க முடியாத குறுகல் சந்துகளில் லிடார் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு ஆள் நடந்துபோவார், தாராவிக்கு ஒரு கம்ப்யூட்டர் இரட்டையை உருவாக்குவார்கள் என்றார்கள். அங்கேயும் கடைசியில் ஒரு மனிதன் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். சங்கிலி காலத்துச் சங்கதி முழுசாகப் போய்விடவில்லை.

அங்கே உயரம் என்பது வெறும் எண் இல்லை. விதி இப்படி: 2000 ஜனவரி 1க்கு முன்னாலிருந்து தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் 300 சதுர அடி. மேல்தளத்தில் இருப்பவர் 2022 நவம்பர் 15க்கு முன்னால் வந்தவர் என்றாலும் வெளியேதான், வாடகையாகக் கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையில். ஆக ஒரே ஏணியில் கீழ்ப்படியில் நிற்பவன் தாராவிக்காரன், ஏழு படி மேலே நிற்பவன் வெளியூர்க்காரன். அண்ணன் கீழே, தம்பி மேலே. இரண்டு பேரும் ஒரே ரேஷன் கடையில் வரிசை நின்றவர்கள். மூன்று மீட்டர் உயர வித்தியாசம் ஒரு குடும்பத்தை நகரத்தின் இரண்டு முனைக்கு அனுப்பிவைக்கும் என்றால், அந்த மூன்று மீட்டரை அளக்கும் கருவியை வெறும் கருவி என்று எப்படி எடுத்துக்கொள்வது? சாதி படிக்கட்டு போன்றது என்று எத்தனையோ முறை பேசிவிட்டோம். இங்கே நிஜமான படிக்கட்டு, நிஜமான மீட்டர்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று தாராவியின் மேல் எந்த லேசர் விமானமும் பறந்து அளந்து வைக்கவில்லை. அன்றைக்கு நீ இருந்தாயா என்று நிரூபிக்க வேண்டியது அந்தக் குடும்பம்தான், அதுவும் வெள்ளத்தில் நனைந்த, கரையான் அரித்த, புரோக்கர் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத காகிதத்தை வைத்து. இன்றைய நிலையை அளக்க எல்லாக் கருவியும் உண்டு. நேற்றைய உரிமையை நிரூபிக்க மட்டும் ரேஷன் கார்டு வேண்டும்.

மாற்றத்தைக் கண்டறிய முதலில் ஒரு ஆரம்ப நிலை வேண்டும். முதல் பறப்பு எந்த நாளில் நடந்ததோ அந்த நாளிலிருந்துதான் சரித்திரம். அன்று நின்றவை எல்லாம் ‘இருந்தவை’. அதற்கு முந்தின நாள் இடிக்கப்பட்டவை பிறக்கவே இல்லை. அன்றைக்கு முன்னால் ஏரியைத் தூர்த்துக் கட்டிய மால், கல்லூரி, கம்பெனி எல்லாம் இயற்கையாய் முளைத்த மலைகள் மாதிரி ஆரம்ப நிலைக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 1960களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் என்பார்கள், இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த ஒன்பது பங்கைத் தின்றது யார்? சென்னையின் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை வெள்ளம் வரும் இடம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டுபோய் 2000க்குப் பிறகு கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னால் இது இன்னும் வேகமெடுத்தது. செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். லேசர் உயரப் படம் ஒன்று அன்றைக்கே பொதுமக்கள் கையில் இருந்திருந்தால், ‘பள்ளத்திலிருந்து எடுத்துப் பள்ளத்தில் போடுகிறாயே’ என்று கோர்ட்டில் விரித்துக் காட்டியிருக்கலாம்.

அரசின் பட்டியல்களும் இப்படித்தான். 1971இல் வந்த குடிசைப்பகுதிச் சட்டத்தின்கீழ் சென்னையில் அந்த ஆண்டே 1,202 குடியிருப்புகளை அறிவித்தார்கள். 1985இல் 17ஐச் சேர்த்தார்கள். அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஒன்றுகூடச் சேரவில்லை. அறிவிக்கப்படாத இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை, அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. கருவி இல்லாமலே ‘தெரியாமல்’ வைக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

அப்போ கருவியை உடைத்துவிடலாமா என்று ஒரு இளம் தோழர் கேட்டார். வேண்டாம் தம்பி. திருப்பிப் பிடிக்கலாம் என்கிறேன். பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பின்னால், 1892இல் வந்த உத்தரவுப்படி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம். 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இன்று அதே செங்கல்பட்டுச் சீமை முழுக்க நகரம் ஊர்ந்து வந்துவிட்டது. சர்வே எண்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அந்த எண்களின் எல்லையைப் புள்ளிமேகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பஞ்சமி நிலத்தில் எத்தனை மாடி நிற்கிறது, யாருடைய சுற்றுச்சுவர் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பது ஒரு மதிய வேளைக்குள் தெரிந்துவிடும். இரண்டு பறப்பு இருந்தால் எந்த வருஷங்களுக்குள் எழும்பியது என்பதும் தெரியும். குடிசையின் மேல் எழும்பிய தகர ரூமைக் கண்டுபிடிக்கிற கணக்குத்தான் இதற்கும். கணக்கில் வித்தியாசம் இல்லை. எந்தச் சர்வே எண்ணில் முதலில் போடுவது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

அதனால் நாம் கேட்க வேண்டியது தரவை. ஹாலந்து நாடு முழுவதற்குமான லேசர் உயர அளவீடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அந்த நாட்டுக் குடிமகன் மட்டுமல்ல, நான் என் வாடகை வீட்டில் உட்கார்ந்தே ராட்டர்டாம் நகரத்துக் கூரைகளை இறக்கிப் பார்க்கலாம். இங்கிலாந்திலும் சுற்றுச்சூழல் முகமை 2015இல் தன் லேசர் அளவீடுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எனக்கு ராட்டர்டாம் கூரை எதற்கு? என் சேரியின் கூரை வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த ஒன்றிய அரசின் விதி, கிடைமட்டத்தில் ஒரு மீட்டரையும் உயரத்தில் மூன்று மீட்டரையும் விட நுணுக்கமான அளவீடுகளை இந்திய நிறுவனங்கள் மட்டும்தான் செய்யலாம், இந்தியாவுக்குள்தான் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கம்பெனிகளுக்கு முன் அனுமதியே வேண்டாம் என்றும் தளர்த்திவிட்டது. அளக்கக் கம்பெனிக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. அளக்கப்பட்டவனுக்குப் பார்க்கும் சுதந்திரம் எப்போது?

தனிமனித அந்தரங்கம் என்று சிலர் சொல்லக்கூடும். நம் வீட்டு அளவு ஊருக்கே தெரிந்துவிடுமே என்பார்கள். அய்யா, எங்கள் வீட்டுக் கதவு என்றைக்கு மூடியிருந்தது? வி.ஏ.ஓ. நுழைவார், போலீஸ் நுழைவார், கந்துவட்டிக்காரன் நுழைவான். அரசுக்கும் கம்பெனிக்கும் ஏற்கனவே தெரிந்துவிட்ட அளவை எங்களுக்கு மறைப்பதற்குப் பெயர் அந்தரங்கம் இல்லை.

நடைமுறையாகச் சில விஷயம், முக்கியமாகக் கல்லூரியில் படிக்கிற தோழர்களுக்கு. நக்‌ஷா மாதிரித் திட்டத்தில் பறப்போடு வேலை முடிவதில்லை. பறந்த பிறகு தரையில் வந்து வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும், பிறகு வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். நம்ம ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சரிபார்க்க வருகிறவர் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுவார், அல்லது பகல் பதினோரு மணிக்கு வந்து ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டுப் போவார். அந்த நேரத்தில் நம்ம வீடுகளில் யார் இருப்பார்கள்? உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நகராட்சியில் போய்க் கேளுங்கள். இருந்தால் ஆள் வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சந்துக்கும் வீட்டு எண், கீழே யார், மேலே யார், எத்தனை வருஷம் என்று நம் கணக்கை நாமே நோட்டில் எழுதி வையுங்கள். சாதாரண டேப்பு போதும். கருவியில் புள்ளி விழாத சந்துகளை வரைவுப் படத்தில் ‘தெரியாதது’ என்று தனி நிறத்தில் காட்டச் சொல்லி ஆட்சேபத்தில் எழுதுங்கள். ராட்டர்டாம் ஆய்வை மேற்கோள் காட்டலாம், வெள்ளைக்காரன் சொன்னால் நம் அதிகாரிகள் கொஞ்சம் கேட்பார்கள்.

புள்ளிமேகத்தைத் திறந்து பார்க்க கிளவுட்கம்பேர், க்யூஜிஸ் என்று இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன, இரண்டுமே இலவசம், கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் ஓடும். கணக்கோ புவியியலோ படிக்கிற நாலு பேர் ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம். ஹாலந்துத் தரவிலேயே பழகுங்கள், இரண்டு பறப்பை எடுத்துக் கழித்துப் பாருங்கள். பழகி முடிப்பதற்குள் இங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வைக்கலாம்: எந்த நாளில் பறந்தீர்கள், எவ்வளவு அடர்த்தியில் அளந்தீர்கள், உயரம் குறைந்த இடங்களின் பட்டியல் எங்கே என்று. மனுவுக்குப் பத்து ரூபாய் கட்டணம்.